ரங்கூன் வெயிலில் டாட்டூ மங்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில், ரங்கூனிலும் மோல்மீனிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் வேல், ஓம், அம்மா பெயர், பாரதி மீசை என்று விதவிதமாகக் குத்திக்கொள்கிறார்கள். குத்துவதற்கு முன் படத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வி, குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஏப்ரல் மாதத்தில் கரண்டு இல்லாத அறையில் வேர்த்துப் புரளும் தோலுக்கு அவை பாதிதான் பொருந்தும். அதனால் இங்குள்ள வெயில், மழை, பழக்கவழக்கங்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள்.

குத்திய அன்று வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும்?

புது டாட்டூவைக் காயமாகவே பாருங்கள். கடையில் சாதாரண பிளாஸ்டிக் தாள் சுற்றி அனுப்பியிருந்தால் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அதற்குள் தோல் வேர்த்து ஊறக் கூடாது. முதலில் உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு மணமில்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து டாட்டூவின் மேல் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் தேங்கிய தண்ணீர் வேண்டாம். குடிப்பதற்கு வாங்கும் தண்ணீர் கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். முதல் இரண்டு வாரத்துக்காவது இந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

துடைக்க, கொடியில் தொங்கும் துண்டு வேண்டாம். டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். முதல் நாளும் இரண்டாம் நாளும் மஞ்சள் நிற நீரோடு கொஞ்சம் மையும் கசியும். மை எல்லாம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். கசிவது மேல்தோலில் தங்கிய மிச்சம்.

நன்றாகக் காய்ந்த பிறகு களிம்பு. டெக்ஸ்பாந்தெனால் என்ற, தோலை ஆற்றும் மருந்து கலந்த மணமில்லாத களிம்பு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். உள்ளங்கை அகல டாட்டூவுக்குப் பட்டாணி அளவு போதும். தோல் லேசாக மினுங்கினால் சரி. நம் ஆட்கள் களிம்பை அப்பிவிடுகிறார்கள். இந்த ஊர் வேர்வையோடு அது சேர்ந்தால் பொருக்கு ஊறிப்போய் முன்கூட்டியே பெயரும், பெயரும்போது மையையும் கூட்டிக்கொண்டு போகும். குணமான பிறகு கோட்டின் நடுவே வெளிறிய திட்டுகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தோல் போல ஒட்டும் மெல்லிய படலம் போடுகிறார்களே, அது நல்லதா?

குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நல்லது. தூசியும் துணியும் படாமல் காக்கும். ஆனால் சந்தையில் மூட்டை தூக்குபவருக்கும் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவருக்கும் இரண்டாம் நாளே படலத்துக்குக் கீழே வேர்வை தேங்கி ஓரம் கிளம்பிவிடும். ஓரம் கிளம்பினால் உள்ளே கிருமி போக வழி கிடைத்துவிட்டது என்று பொருள். அப்போதே எடுத்துவிட்டுக் கழுவுங்கள். திரும்ப அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள். பசையால் தோல் சிவந்து தடித்தாலும் அதே பதில்தான்.

மை உள்ளேதான் இருக்கிறது என்றால் ஏன் மங்குகிறது?

ஊசி மையை வைப்பது மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோலில், சுமார் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. அதில் இறங்கிய மை உதிர்ந்துவிடும். அடித்தோலில் இருப்பதை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. கிருமிகளை விழுங்கும் செல்கள் வந்து மைத்துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. துகளை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கின்றன. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளை வைத்துக் காட்டியது இன்னும் சுவாரசியமானது: அந்தச் செல் செத்தால் துகள் வெளியே விழுகிறது, புதிதாக வரும் செல் அதை மறுபடி விழுங்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் டாட்டூ இப்படிக் கைமாறிக் கைமாறி நிற்பதுதான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் துகள் நகரலாம், கொஞ்சம் நிணநீரோடு போய்விடலாம். அதனால்தான் ஆண்டுகள் போகப் போகக் கோடு தடிக்கிறது. இதை எந்த கிரீமாலும் நிறுத்த முடியாது.

நம் கையில் இருக்கும் காரணம் வெயில். புற ஊதாக் கதிர் மைத்துகளின் வேதிக் கட்டமைப்பையே உடைக்கிறது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மைகளில் பெரும்பாலும் உள்ள கரிமச் சாயங்கள் சீக்கிரம் உடையும். கறுப்பு மையில் இருப்பது கரி. அதை வெயில் அவ்வளவு எளிதில் அசைக்காது.

பாட்டியின் கையில் உள்ள பச்சை அறுபது வருடமாக நிற்கிறதே, அவர் எந்த கிரீம் போட்டார்?

ஒன்றும் போடவில்லை. அது நின்றதற்குக் காரணம் அது வெறும் கரி என்பதுதான். விளக்குப் புகையில் பிடித்த கரியை இலைச்சாற்றில் குழைத்து ஊசியால் குத்தினார்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டார்கள். அந்தக் கோலம் இன்று விரிந்து தடித்திருந்தாலும் வடிவம் புரிவது அந்த இடைவெளியால். இன்று கைக்கடிகார அளவு இடத்தில் கோபுரம், மயில், மூன்று வரித் திருப்புகழ் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். பத்து வருடம் கழித்து எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். 'ண', 'ஞ' போன்றவற்றின் உட்சுழி முதலில் அடைபடும். என்னைக் கேட்டால் எழுத்தைப் பெரிதாகக் குத்துங்கள், இல்லையென்றால் ஒரு சொல்லோடு நிறுத்துங்கள்.

பாட்டியின் கரி நீலப்பச்சையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. வெளிச்சத்தில் உள்ள சிவப்பு தோலுக்குள் ஆழமாக இறங்கிக் கரியில் அடங்கிவிடுகிறது. நீலம் மேலேயே சிதறித் திரும்பி வருகிறது. அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பர்மியர்களின் பழைய முறையும் கரிதான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை அடர்த்தியாகக் குத்திய ஷான் இனத்துப் பெரியவர்களையும் பர்மியப் பெரியவர்களையும் நம் தாத்தாக்கள் ஆற்றங்கரையில் பார்த்திருப்பார்கள். 1930இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய சாயா சான் கலகத்தில் சேர்ந்தவர்கள் குண்டு துளைக்காது என்ற நம்பிக்கையில் கருடன் உருவைக் குத்திக்கொண்டார்கள். குண்டு துளைத்தது. மை நன்றாகத்தான் நின்றிருக்கும்.

நம் தோல் நிறத்துக்குக் கலர் எடுபடுமா?

எடுபடும், ஆனால் கடையில் மாட்டியிருக்கும் வெள்ளைக்காரர் படத்தைப் போல இருக்காது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேல்தோலில் இருக்கிறது. மை அதற்குக் கீழே. பால் விடாத டீ இருக்கும் கிளாஸ் வழியாக ஒரு படத்தைப் பார்ப்பது போல எல்லா நிறத்தின் மேலும் பழுப்பு ஏறியே தெரியும். கறுப்பு, அடர் சிவப்பு, அடர் நீலம், அடர் பச்சை நன்றாகத் தெரியும். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் கொஞ்ச நாளில் தேமல் போல ஆகிவிடும். மயில் குத்த நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கறுப்பு வெளிக்கோடு இல்லாத மயில் நம் தோலில் சீக்கிரம் கரைந்துபோகும்.

இன்னொன்று, ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையால். குத்திச் சில மாதம், ஏன் சில வருடம் கழித்துக்கூடச் சிவப்பு இடம் மட்டும் தடித்து அரிக்கலாம்.

டாட்டூ மேல் தனக்கா பூசலாமா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் பல தலைமுறையாகத் தனக்கா பூசுகிறார்கள். வட்டக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கட்டையின் பட்டையை இழைத்து, அந்தக் குழம்பைக் கன்னத்தில் தடவிக்கொண்டு வெளியே கிளம்பினால்தான் கிளம்பிய மாதிரி இருக்கும்.

ஆறாத டாட்டூ மேல் கண்டிப்பாக வேண்டாம். அது மரப்பட்டை, கல்லும் தண்ணீரும் கையும் பட்டு வருவது. திறந்த தோலில் தூளும் கிருமியும் சேர்ந்தே போகும். காய்ந்ததும் தனக்கா தோலை இறுக்கிப் பிடித்து வெடிக்கும். கீழே இருக்கும் பொருக்கும் அதோடு வெடிக்கும். டப்பாவில் வரும் தனக்காவில் வாசனை கலந்திருப்பார்கள், அது இன்னும் எரியும்.

முழுக்க ஆறிய பிறகு தாராளமாகப் பூசுங்கள். வெயிலை ஓரளவு தடுக்கும் பொருள் அந்தப் பட்டையில் இருப்பது ஆய்வுகளிலும் தெரிய வந்திருக்கிறது. ஆனால் வீட்டில் இழைத்த குழம்பு எவ்வளவு தடுக்கும் என்று அளவு சொல்ல முடியாது. ஒரு இடத்தில் தடிமனாகவும் ஒரு இடத்தில் விரல் கோடாகவும் படியும். அதனால் முதலில் சன்ஸ்கிரீன் போட்டு, அது படிந்ததும் மேலே தனக்கா. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் டாட்டூவுக்கு சன்ஸ்கிரீன்தான்.

சன்ஸ்கிரீன் எப்போதிலிருந்து, எவ்வளவு?

தோல் உரிந்து முடிந்து, மினுமினுப்பும் போய், சாதாரணத் தோல் போல ஆன பிறகுதான். பொதுவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை சட்டைத்துணிதான் பாதுகாப்பு: தளர்வான, முழுக்கை பருத்திச் சட்டை.

அதற்குப் பிறகு, எஸ்.பி.எப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத, புற ஊதாக் கதிரின் யு.வி.ஏ., யு.வி.பி. வகைகள் இரண்டையும் தடுப்பது. தோள் முதல் மணிக்கட்டு வரை ஒரு கைக்குச் சுமார் ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். சிக்கனமாகத் தடவினால் புட்டியில் எழுதிய எண்ணில் பாதிகூடக் கிடைக்காது. வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். வேர்த்துத் துடைத்தால் உடனே போட வேண்டும்.

ரங்கூன் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 17 பாகையில். மார்ச், ஏப்ரல் மதிய வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்சி ஓட்டும் அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே சாலையில் வலப்பக்கம் ஓட்டினாலும், ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான் இருக்கிறது. வலது முழங்கையை ஜன்னலில் வைத்து ஓட்டுபவரின் வலது கை டாட்டூவையும் இடது கை டாட்டூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் யு.வி.ஏ. கதிர் உள்ளே வரும். விலை உயர்ந்த டாட்டூ லோஷனில் போடும் காசை ஒரு ஜோடி கைச்சட்டையில் போடுவது மேல்.

திஞ்சானுக்கு முன்னால் குத்திக்கொள்ளலாமா?

தண்ணீர்த் திருவிழாவுக்குப் புதுச் சட்டை போல புது டாட்டூவும் வேண்டும் என்று ஏப்ரல் முதல் வாரத்தில் வருகிறார்கள். மோசமான நேரம் அதுதான். தெருவில் குழாய் வைத்து அடிக்கும் தண்ணீர் எந்தக் குளத்திலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க ஈரம், வெயில், கூட்டத்தில் உரசல். பிப்ரவரி கடைசிக்குள் குத்திவிடுங்கள், அல்லது திருவிழா முடிந்த பிறகு. குத்தியே விட்டீர்கள் என்றால் அந்த வருடம் மாடியில் நின்று மற்றவர்மேல் ஊற்றுங்கள்.

மழைக்காலத்தில்?

மே முதல் அக்டோபர் வரை ஈரம்தான். வெயில் குறைவு என்பதால் நிறத்துக்கு நல்லது, ஆறுவதற்குச் சுமார். கணுக்கால், பாதம் வேண்டாம். கீழ்த்தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்துதானே வீடு போக வேண்டும்? இடுப்பில் குத்தியிருந்தால் லுங்கி முடிச்சு அதன் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஈர லுங்கி உரசி உரசி ஒரே வாரத்தில் கோட்டை அழித்துவிடும். மேல்கை, முதுகு, தோள் என்றால் சிக்கலில்லை.

சவுங்தா, ங்வே சவுங் கடற்கரைக்குப் போகிறோம். உப்புத்தண்ணீர் காயத்துக்கு நல்லதுதானே?

இல்லை. பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் மூடும்வரை, குறைந்தது மூன்று வாரம், கடல், ஆறு, நீச்சல் குளம் எதிலும் இறங்காதீர்கள். 2017இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது: அமெரிக்காவின் டெக்சாஸில் 31 வயது மனிதர் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று காயத்தின் வழியே ஏறியது. சுமார் இரண்டு மாதம் கழித்து இறந்துபோனார். அவருக்கு ஏற்கனவே கல்லீரல் பாதிப்பு இருந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை, சர்க்கரை உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி?

புதுக் காயத்தில் மூன்றும் வேண்டாம். மஞ்சள் தூளும் விபூதியும் தூள்கள். காயத்தில் ஒட்டி, பொருக்கோடு இறுகி, உரியும்போது இழுக்கும். ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய் நல்ல பொருள். தோல் வறண்டிருந்தால் டாட்டூ சாம்பல் பூத்தது போலத் தெரியும். குளித்தவுடன் கொஞ்சம் தடவினால் நிறம் மேலெழுந்து தெரியும். எண்ணெய் போட்டுக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், அது எதையும் தடுக்காது.

காவடிக்கோ தீமிதிக்கோ நேர்ந்திருக்கிறேன். டாட்டூ இருந்தால் பரவாயில்லையா?

பழைய டாட்டூ என்றால் கவலையில்லை. புதிது என்றால் விழாவுக்கு இரண்டு மாதமாவது முன்னால் முடித்திருக்க வேண்டும். அலகு குத்துபவரிடம் டாட்டூ இடத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அலகு போன வழியில் தழும்பு விழுந்தால் கோடு அங்கே உடைந்துவிடும். நம் தோலில் தழும்பு தடித்துக் கட்டியாக வளர்வதும் அதிகம். காது குத்திய இடத்தில் அப்படி வளர்ந்தவர்கள் டாட்டூவைப் பற்றியே இருமுறை யோசிக்க வேண்டும்.

அரிப்பு தாங்க முடியவில்லை. சொறியலாமா?

கூடாது. நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து செதில் செதிலாக உரியும்; மை நிறத்திலேயே உரிவதைப் பார்த்துப் பயந்துபோகாதீர்கள். சுத்தமான உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள், கொஞ்சம் களிம்பு தடவுங்கள். இரவில் தூக்கத்தில் சொறிபவர்கள் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், டாட்டூவிலிருந்து சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடினால் அன்றே போங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்காதீர்கள். அரிப்பு அடங்கும், தொற்று உள்ளே வளரும்.

குத்தும் முன்பே பார்க்க வேண்டியது ஊசி. 2015இல் மியான்மர் முழுவதும் எடுத்த கணக்கில் பெரியவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்கு, ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி இருந்தது. உங்கள் கண்ணெதிரே உறை பிரித்த ஊசி, உங்களுக்கென்று தனிக் குப்பியில் ஊற்றிய மை, இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மை கெட்டியாக இருக்கிறதென்று பாட்டில் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் 2011இல் காய்ச்சி வடித்த நீரால் மெலிதாக்கிய சாம்பல் நிற மையால் ஒரே ஊரில் 19 பேருக்குத் தோல் தொற்று வந்தது.

வெளுப்பு கிரீம் போட்டால் டாட்டூ பளிச்சென்று தெரியுமா?

தெரியாது. சந்தையில் பெயர் தெரியாத டப்பாவில் விற்பவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மெலிந்து நரம்பு தெரியும், அவ்வளவுதான்.

புத்தர் உருவம் குத்தலாமா?

பராமரிப்பில் வேறுபாடில்லை. ஆனால் இந்த நாட்டில் இடுப்புக்குக் கீழே வேண்டவே வேண்டாம். காலில் புத்தர் டாட்டூ இருந்த கனடாக்காரர் ஒருவரை 2014இலும், ஸ்பெயின்காரர் ஒருவரை 2016இலும் நாட்டை விட்டு அனுப்பினார்கள். நம் சாமிகளைக் காலில் குத்தினால் போலீஸ் வராது, அம்மா வருவார்.

மங்கிவிட்டது. மேலேயே மறுபடி குத்தலாமா?

ஆறும்போதே திட்டுத் திட்டாக விட்டிருந்தால், ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து அதே ஆளிடம் போய் நிரப்பிக்கொள்ளலாம். பலர் இதற்குக் காசு வாங்குவதில்லை, முன்பே கேட்டு வையுங்கள். வருடக்கணக்கில் மங்கியது என்றால் முழுவதையும் திரும்பக் குத்த வேண்டியதில்லை. வெளிக்கோட்டையும் அடர்ந்த நிழலையும் மட்டும் கறுப்பில் எழுப்பிவிட்டால் பழைய கலரும் சேர்ந்து எழும்பித் தெரியும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி குத்தினால் தோல் தழும்பாகி மையைப் பிடிக்காமல் போகும். எழுத்து ஒட்டிப்போயிருந்தால் மேலே குத்துவது அதை இன்னும் தடிப்பாக்கும். அதற்குச் சுற்றிலும் பூவோ கொடியோ போட்டு மறைப்பதுதான் வழி. போகும்போது டாட்டூ புதிதாக இருந்தபோது எடுத்த படம் போனில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் எந்த நிறம் இருந்தது என்று டாட்டூக்காரருக்கும் நினைவிருக்காது.